கோயில் வாசலுக்கு வெளியே இரண்டு சம்பந்திகள்

நிக்கோ
நவம்பர் 2

அன்பு மகள் சயோரிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம். மேல்மலையில் முதல் பனி விழுந்துவிட்டது, வண்டிக்குக் குளிர்கால டயர் மாற்றுவதற்குள் அப்பா நாலு நாள் முணுமுணுத்துத் தீர்த்தார். அங்கே உனக்கு அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பது நீ சொன்னால்தான் தெரியும், சொன்னாலும் பாதிதான் நம்புவேன். நேற்று நீயாகவே போன் செய்து, சாப்பிட்டியாம்மா என்று கேட்டாயே, அதற்கு அப்புறம்தான் சாப்பிட்டேன். நீ போனை எடுக்காத அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மொரியோ மாமா செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதியே போய்விட்டார் என்பதை உன் பரீட்சை முடிந்து, முடிவும் வந்து, நீ பாஸ் என்று தெரிந்த பிறகு அக்டோபர் இருபத்து நாலாம் தேதிதான் உன்னிடம் சொன்னேன். நீ கோபப்பட்டது நியாயம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேற்று கேட்டாயே, ரோவனோட அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியக் கூடாதா என்று, அது எப்படி நடந்தது என்பதை முதலிலிருந்து எழுதுகிறேன். போனில் சொல்ல ஆரம்பித்தால் அழுகைதான் வரும், விஷயம் வராது.

ரோவனின் அப்பா அம்மாவை ஒரு நாள் முழுக்க நம் ஊர்க் கோயில்களுக்கும் மலைக்கும் நானே அழைத்துப் போகவேண்டும் என்பது நீ கோடையிலேயே போட்ட ஏற்பாடு. இருபது வருஷமாக ஊரார் பெற்றோரை எல்லாம் சுற்றிக் காட்டுகிறவள், சம்பந்திக்குக் காட்டமாட்டேனா என்று நானும் குதித்துக்கொண்டு சரி சொன்னேன். அவர்கள் வந்தது அக்டோபர் பதினேழு. மாமா போய்ப் பத்தொன்பதாம் நாள். உன் பரீட்சை இருபதாம் தேதி, அதுவும் மூன்றாம் தடவை. அவர்களிடம் சாவுச் செய்தியைச் சொன்னால் அன்று சாயங்காலமே ரோவனுக்குப் போகும், ரோவனிடமிருந்து உனக்கு வரும், நீ பரீட்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் ஏறுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. சொல்லாமல் இருந்தாலோ, சாவுத் தீட்டு ஐம்பது நாள் முடியும்வரை சாமி கோயில் வாசலை நான் தாண்ட முடியாது. உன் அப்பா, பேசாம உள்ள போயிடேன், சாமி என்ன வருகைப் பதிவேடா வெச்சிருக்கு என்றார். அவர் அப்படித்தான். எனக்கு மனசு வரவில்லை. ஒரே வீட்டில் முப்பது வருஷம் ஒன்றாகச் சாப்பிட்ட அண்ணன். முட்டி வலி என்று சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

காலையில் ஸ்டேஷனில் இறங்கியதுமே ஐரீன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் பாதி குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், என் தலை அவர் தோளில் போய் முட்டியது. டெஸ்மண்ட் நல்ல மனுஷர், பேச்சு குறைவு, தலையில் ஒரு வைக்கோல் தொப்பி, கழுத்தில் கேமரா. முதலில் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே சாவுத் தீட்டு என்று தடை இல்லையே, நானும் உள்ளே போய் ஊதுபத்தி ஏற்றினேன், மாமாவுக்காகத்தான், ஆனால் அவர்களிடம் சொல்லவில்லை. ஐரீன் பக்கத்தில் நின்று தானும் ஒன்று ஏற்றினார். அதுவரை எல்லாம் நன்றாகவே போனது. அடுத்தது பெரிய கோயில். கல் வாசலுக்கு இந்தப் பக்கமே நின்று, முட்டி வலிக்கிறது, படி நிறைய, நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லி, உள்ளே பார்க்க வேண்டியதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்தேன். போய் வந்தார்கள். ஐரீன் என் முட்டியை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர் அல்லவா, பின்னால் உட்கார்ந்து பொய் சொல்லும் பிள்ளைகளைக் கண்ணாடியிலேயே கண்டுபிடித்த கண்.

சங்கடம் வந்தது மூன்றாவது இடத்தில். கல்யாணத்துக்கு வேண்டிக்கொள்ளும் கோயில் அது, தெரியும்தானே. அங்கே இரண்டு அம்மாக்களும் சேர்ந்து ஒரே மரப்பலகையில் வேண்டுதல் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று நீதான் ஐரீனிடம் சொல்லி வைத்திருக்கிறாய், என்னிடம் சொல்லவில்லை. அவர் அதற்காகவே ஒரு புதுப் பேனா வாங்கி வந்திருந்தார். என் கையைப் பிடித்து, வாங்க ஹிசாயோ, மெதுவா நான் புடிச்சுக்கறேன், நாலே படிதான் என்று இழுக்கிறார். நான் கையை உருவிக்கொண்டேன். வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு காரணம் சொன்னேன். நம் ஊரில் வண்டியை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுப் போனாலும் அப்படியே இருக்கும். அவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போனார், பலகையை வாங்கிக்கொண்டு எழுதாமலே வெளியே வந்தார். அதன் பிறகு முன் சீட்டில் உட்காரவில்லை, பின்னால் போய்விட்டார். வழக்கமாக மலைப்பாதை வளைவுகளில் குரங்குக் கதை ஒன்று சொல்வேனே, எத்தனையோ பேர் சிரித்த கதை, அதைச் சொன்னேன், டெஸ்மண்ட் மட்டும் மரியாதைக்கு ஒரு சிரிப்பு சிரித்தார். போயிற்று, என் மகள் கல்யாணத்தை நானே கெடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வண்டியை ஓட்டினேன்.

மேலே ஹங்கெட்சு மலையில் வண்டியை நிறுத்தினேன். முதலில் ஒரே மேகம், ஏரியும் இல்லை மலையும் இல்லை. கால் மணி நேரம் மூன்று பேரும் குளிரில் நின்றோம். பிறகு காற்று கிளம்பி மேகத்தைத் தள்ளியது, நன்தாய் மலை முழுதாக எதிரே நின்றது, கீழே ஏரி, கரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமாக இலை. அதே காற்றில் டெஸ்மண்டின் தொப்பி பறந்து மேலே போகும் பாதையில் உருண்டது. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, விருந்தாளியின் தொப்பி ஆயிற்றே என்று ஓடினேன், இரண்டு இரண்டு படியாகத் தாண்டி ஏறிப் பிடித்துவிட்டேன். வெற்றியோடு திரும்பிப் பார்த்தால் கீழே ஐரீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். முட்டி வலின்னீங்களே, ஆட்டுக்குட்டி மாதிரி ஏறுறீங்க, புத்தர் கோயிலுக்கு வர முடியுது, தொப்பி பின்னாடி ஓட முடியுது, என் புள்ளைக்காக நாலு படி ஏற முடியல, நேராவே சொல்லிடுங்க ஹிசாயோ, எங்க ரோவனை உங்களுக்குப் புடிக்கலையா, என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன், அவர் உதடு நடுங்கியது. அந்த நேரம் பார்த்து கீழே ஏரியில் வெள்ளைப் படகு கரையை விட்டுக் கிளம்பிற்று. மாமா முப்பது வருஷம் ஓட்டிய படகு. தொப்பியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதுவிட்டேன். இல்லை இல்லை, ரோவன் தங்கம், எங்கள் வீட்டில் சாவு, என் அண்ணன், ஐம்பது நாள் சாமி வாசலை மிதிக்கக் கூடாது, சயோரிக்குத் தெரியாது, பரீட்சை முடியும்வரை தெரியக் கூடாது, எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் எங்கே போனதோ, பாதி நம் மொழியில் உளறினேன், அவருக்கு எப்படியோ புரிந்தது. அந்த அண்ணன்தானா, சயோரிக்குச் சைக்கிள் கத்துக் குடுத்தவரா என்று கேட்டார். நீ அவர்களிடம் மாமாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு என் மார்பில் இருந்த கல் இறங்கிவிட்டது சயோரி, அந்த மலையைப் பார்க்க ஆயிரம் தடவை போயிருப்பேன், அன்றுதான் சரியாகப் பார்த்தது போல இருந்தது. ஏரிக்கரையில் இன்னொரு கோயில் பாக்கி இருந்தது. நீங்கள் போய்வாருங்கள் என்றேன். ஐரீன் நகரவில்லை. உங்க வீட்டுத் துக்கம்னா இனிமே எனக்கும்தானே, டெஸ்மண்ட் போகட்டும், அவருக்குப் படம் புடிக்கணும் என்று வாசலுக்கு வெளியே குட்டைச் சுவரில் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் கட்டிக்கொண்டு போன சோற்றுருண்டையை இருவரும் சாப்பிட்டோம், உள்ளே வைத்த உப்புப் பிளம் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கண்ணை இடுக்கிக்கொண்டு நல்லா இருக்கு என்றார். டெஸ்மண்ட் திரும்பி வந்து எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஐயோ, நானும் போயிருக்கக் கூடாதோ என்று திகைத்தார். ஐரீன், நீங்க கேமராவைத்தானே கும்பிட்டீங்க, சாமி கண்டுக்காது என்றார். அந்தப் பலகையில் தன் பாதியை மட்டும் மடியில் வைத்து எழுதி என்னிடம் கொடுத்துவிட்டார், ஐம்பது நாள் கழித்து என் பாதியை நான் எழுத வேண்டுமாம். இந்தப் பெண்மணிதான் உனக்கு மாமியார் என்றால் எனக்கு இனி ஒரு கவலையும் இல்லை.

ரகசியம் காக்க அவர் பட்ட பாடு தனிக் கதை. ரோவன் தினமும் கூப்பிடும் நேரத்தில் போனை டெஸ்மண்டிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம். மூன்றாம் நாள் ரோவன் பயந்துபோய், அம்மாவுக்கு வயித்துல என்ன, பச்சை மீன் ஏதாவது ஒத்துக்கலையா என்று விசாரித்தானாம். அதனால் அவர் மேல் கோபப்படாதே, என் பொருட்டுத்தான் வாயைக் கட்டிக்கொண்டார். அப்பாவிடம் நடந்ததைச் சொன்னபோது, முட்டிக்குப் பதிலாப் பல்லு வலின்னு சொல்லியிருந்தா ஓடியும் தப்பிச்சிருப்பே என்றார். மாமா போனதிலிருந்து அவர் சிரித்தது அன்றுதான்.

இனி உனக்குச் சொல்ல வேண்டியது. இது உனக்கு மட்டும். நேற்று நீ டிக்கெட் எடுத்துவிட்டேன், பதின்மூன்றாம் தேதி வருகிறேன், பதினாறாம் தேதி மாமாவின் அஸ்தியைக் கல்லறையில் வைக்கும்போது நானும் இருப்பேன் என்றாய். எனக்கு அப்போது வந்த ஆறுதலில் இதைச் சொல்லாமலே விட்டுவிட்டேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று மாமாவே சொன்னார் என்று போனில் சொன்னேனே, அது பொய். மாமா அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசிக்கு முந்தின நாள், சயோரி எப்ப வர்றா என்று கேட்டார். பரீட்சை முடிஞ்சதும் வர்றா என்று சொன்னேன். எப்ப பரீட்சை என்றார். அடுத்த மாசம் இருபதாம் தேதி என்றேன். அவர் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார், பாதியில் தூங்கிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. உன்னைக் கூப்பிடாமல் இருந்தது முழுக்க என் முடிவு, அதற்கு அவரிடம் அனுமதி வாங்கவில்லை. இறந்தவர் தலையில் அதைப் போட்டது தப்பு, அதைத் தாங்கமுடியாமல்தான் இதை எழுதுகிறேன். கோபம் இருந்தால் என் மேல் வைத்துக்கொள், எவ்வளவு நாள் வேண்டுமானாலும். மாமா உன்னைத் தேடினார் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்த்து மன்னித்துவிடுவாய், அதனால் நீ விமானம் ஏறுமுன் கையில் கிடைக்கும்படி விரைவுத் தபாலில் போடுகிறேன். படித்துவிட்டுக் கிளம்பு.

நீயும் ரோவனும் நோய் நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மாவும் அப்பாவும் வாழ்த்துகிறோம். கறுப்பு உடை வாங்கிப் பணத்தைச் செலவழிக்காதே, என்னுடையது ஒன்று இருக்கிறது, இடுப்பைப் பிடித்துத் தைத்துவிட்டேன். காலுக்கு மட்டும் தடித்த சாக்ஸ் எடுத்து வா, கல்லறைப் பக்கம் தரை சில்லிட்டுப் போயிருக்கும். மாமாவின் கலசம் இப்போது உன் அறையில்தான் இருக்கிறது, ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறேன். தினமும் விளக்கை ஏற்றும்போது, இன்னும் இத்தனை நாள்தான் அண்ணா, வந்துவிடுவாள் என்று அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஹிசாயோ