ஒன்பது தசம் நான்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிள்ளைகள் ஊசலை ஆட்டி, நேரத்தை அளந்து, தாங்களே கணக்கிட்டு எடுத்த புவியீர்ப்பு விடையை நீ கரும்பலகையிலிருந்து அழித்தாய். பழியை என் மேல் போட்டாய்.

செவ்வாய்க்கிழமை உன் பாடத்தைப் பார்க்க அதிகாரி வந்திருந்தார். 9.81 வர வேண்டிய இடத்தில் 9.4 வந்தது. "ஏன் மிஸ் குறையுது?" என்று உன் மாணவி நிரஞ்சனா கேட்டாள். பிள்ளைகளே தேடிக் கண்டுபிடிக்கும் பாடத்தில் அந்தக் கேள்விதானே பாடம்? நீயோ என்னைக் காட்டி, "ஆய்வுகூடத்து அம்மா நூலைப் பிழையா கட்டிட்டாங்க, புத்தகத்துல இருக்கிறத எழுதுங்க" என்றாய்.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாங்க சேர்" என்றேன். அது பொய்.

என் முடிச்சு சரி. நீதான் நூலை, அதில் தொங்கும் குண்டின் தலை வரை அளந்தாய். அதன் நடு வரை அளந்திருக்க வேண்டும்; நீளம் குறைந்ததால் விடையும் குறைந்தது. எட்டாம் வகுப்போடு நின்று உன்னைப் படிக்கவைத்தவள், உன் பழைய புத்தகங்களில் பௌதிகவியல் படித்தவள் நான். அப்போதே கண்டேன். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்றுதான் பேசாமல் நின்றேன்.

நாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று அந்தப் பள்ளிக்கூடத்தில் நீ சொன்னதில்லை. பதினொரு வருஷமாக நானும் சொல்லவில்லை.

பிலிமத்தலாவையில் தனியே இருக்க ஓர் அறை எடுத்திருக்கிறேன். நம் குண்டசாலை வீட்டுச் சாவி அலுமாரியின் மேல் இருக்கிறது.

திங்கட்கிழமை அதே நூலையும் குண்டையும் நான் மேசையில் வைப்பேன். நிரஞ்சனா திரும்ப அளக்க வேண்டும். நீ விடை சொல்லக் கூடாது. அவள் கண்டுபிடித்ததும், பிழை யாருடையது என்று நீ சொல்ல வேண்டும். பிறகு, அவர்கள் முன்னால் நீ என்னை ஒரு தடவை அக்கா என்று கூப்பிட வேண்டும்.

உன் அக்கா