கவிழ்த்து வைத்த ராஜாக்கள்

கோபே
மார்ச் 4

அன்புள்ள யூ-ஃபாங்,

நலமா? கீலுங்கில் மழை விட்டதா என்று கேட்கமாட்டேன். அது விடாது.

நம் போக்கர் முடிந்துவிட்டது. ஐம்பது டாலரை ஐநூறாக்கினால் ஊருக்குத் திரும்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? ஞாயிறு மதியம்தோறும் நீயும் நானும் ஒரே இணைய மேசையில் உட்கார்ந்து ஆடியதில், இருநூற்றுப் பத்து வரை ஏற்றினேன். தைரியம் வந்து, தனியாகப் பெரிய மேசைக்குப் போனேன். இரண்டே ஞாயிறு. துடைத்துவிட்டார்கள்.

பந்தயத்தை ஏற்றினால் எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்து ஆட்டத்தை விட்டுவிடுவான் என்று நம்பியிருந்தேன். சின்ன மேசையில் அது பலித்தது. நீயே எத்தனை முறை கவிழ்த்தாய்! பெரிய மேசையில் எவனும் பயப்படவில்லை. என் அதிர்ஷ்டம் அவ்வளவுதான். இதுதான் கற்ற பாடம்.

இங்கே வெல்டிங் பட்டறையில் இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டுகிறார்கள். மாதக் கடைசியில் கையெழுத்து. ஐநூறு ஆகவில்லை, சொன்ன வாக்கு வாக்குதானே?

உன்
குவான்-டிங்


கீலுங்
மார்ச் 11

அன்புள்ள குவான்-டிங்,

கடிதம் கிடைத்தது. போனில் என்றால் "ம்" மட்டும்தான் சொல்லியிருப்பேன், அதனால் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். மீன் உருண்டைக் கடைக்கு யார் வந்தாலும் அப்பா என்னைக் காட்டுகிறார்: "எங்க வீட்டுல மொத பட்டதாரி! வாயத் தொறந்து ஒரு உருண்டை வித்துக் காட்டச் சொல்லுங்க பாப்போம்!" நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

உன் பாடத்தில் ஒரு பிழை இருக்கிறது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு நீ பந்தயத்தை மூன்று மடங்கு ஏற்றினாய், நினைவிருக்கிறதா? அன்று என் கையில் இரண்டு ராஜாக்கள், ஜெயிக்கிற சீட்டு. கவிழ்த்துவிட்டேன். நான் ஜெயித்தால் உன் காசு குறையும், நீ வருவது தள்ளிப்போகும். இன்னொரு நாள் இரண்டு ஆஸ். அதையும்.

நீ அதைப் பயம் என்று எழுதியிருக்கிறாய். உன்னைப் பார்த்து நான் பயந்ததே இல்லை.

கோபித்துக்கொள்ளாதே.

யூ-ஃபாங்


கோபே
மார்ச் 17

யூ-ஃபாங்,

எத்தனை முறை?

என்னோடு வெல்டிங் செய்கிற ஒகுடாவிடம் இதைச் சொல்லித் தொலைத்தேன். முகமூடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சிரிக்கிறார். "அடப்பாவி, கொழந்தைக்கு விட்டுக்குடுக்குற மாதிரி உன்ன ஜெயிக்க வெச்சிருக்கு அந்தப் பொண்ணு! நீ பாட்டுக்குப் புலின்னு நெனச்சுக்கிட்டுப் பெரிய மேசைக்குப் போயிட்டியே!" பட்டறை முழுக்க இப்போது என் பெயர் புலி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஞாயிறுகளை நினைத்துத்தான் வாரம் முழுக்க ஓட்டினேன். எதிரே நீ இருக்கிறாய் என்று நினைத்திருந்தேன். கையில் இருந்ததை நீ ஒருமுறைகூட என்னிடம் காட்டவில்லை. ராஜா வந்தால் என்னை அடித்திருக்க வேண்டாமா?

ஒப்பந்தத் தாள் வந்துவிட்டது.

குவான்-டிங்


கீலுங்
மார்ச் 22

அன்புள்ள குவான்-டிங்,

நாற்பத்தொரு முறை. பழைய ஆட்டங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். முடித்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது.

நீ சொன்னது சரி. உன்னை வரவழைப்பதாக நினைத்துக்கொண்டு, உன்னைத் தோற்கடித்தது நான்தான். எனக்கு எங்கேயும் இதே பழக்கம். வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்கியதில்லை. உருண்டை நன்றாக இருக்கிறது என்று தெரிந்தும் கூவி விற்றதில்லை.

நாற்பத்திரண்டாவதாக ஒன்று உண்டு. அது இணையத்தில் இல்லை. துறைமுகத்து நிறுத்தத்தில் விமான நிலையப் பேருந்துக்கு நின்றபோது, "ஐநூறு ஆனா திரும்பி வந்துர்றேன், என்ன?" என்று கேட்டாய். பேருந்து வருகிறதா என்று பார்க்காமல் என்னையே பார்த்துக் கேட்டாய். என்னிடம் ஒரு சொல் இருந்தது. அதைக் கவிழ்த்துவிட்டு "சரி" என்றேன். குடையை உன் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன்.

அதை இப்போது திருப்பி வைக்கிறேன்: போகாதே.

காலம் தப்பிய சீட்டுதான். ஆனால் அன்றைக்கு என் கையில் இருந்தது அதுதான். ஐநூறும் வேண்டாம், ஐம்பதும் வேண்டாம். வா. வர மனமில்லை என்றால் அதையும் எழுது. அதிர்ஷ்டம் அவ்வளவுதான் என்று மட்டும் எழுதாதே.

தபால் நிலையம் மூடும் நேரம். மழைக்குக் கடிதத்தை மீன் உருண்டைப் பையில் சுற்றி எடுத்துப் போகிறேன். வாசம் அடித்தால் பொறுத்துக்கொள்.

உன்
யூ-ஃபாங்