சங்கில் இருந்த எழுத்து

அக்கா,

இன்று காலை பாண் வாங்கப் போனேன். பேக்கரியின் பின்கதவு திறந்திருந்தது. குழைத்து மூடிவைத்த மாவிலிருந்து ஈஸ்ட்டின் புளித்த வாசம் தெரு வரைக்கும் வந்தது. அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். "என்ன மாஸ்டர், சுகமில்லையோ?" என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லித் திரும்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் பாண் வாங்காமல் வந்தது தெரிந்தது.

உங்களுக்கு எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்திருந்தேன். எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். என்னுடைய குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. இப்போதும் இது சரியாக வருமோ என்று தெரியவில்லை. அந்த வாசம் போவதற்குள் எழுதிவிடப் பார்க்கிறேன்.

நான் ஓய்வு பெற்று, ஓலைத்தொடுவாயில் உங்கள் வீட்டோடு வந்து இருந்த முதல் வருடம். என்னோடு படிப்பித்த ஒருவர் கொழும்புக்குப் போகும்போது தன்னுடைய மூன்றடி மீன்தொட்டியை எனக்குத் தந்துவிட்டுப் போனார். அதை முன்னறையில் வைத்த அன்று பக்கத்து வீட்டுச் சம்மாட்டியார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர், அவருக்கு அது பெரிய வேடிக்கை.

"மாஸ்டர், பத்தடி நடந்தாக் கடல். நீங்கள் என்னெண்டா மீனைக் காசு குடுத்து வாங்கி வச்சுப் பாத்துக்கொண்டு இருக்கிறியள். இந்தக் கப்பி மீனைப் பொரிச்சா ஒரு வாய்க்குக் காணுமோ?"

"தம்பி மீனுக்கில்லை, புல்லுக்குத்தான் பெட்டி வச்சிருக்கிறான். மீன் சும்மா துணைக்கு" என்று குசினிக்குள் இருந்தே நீங்கள் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னது உண்மைதான். எனக்கு ஆசை செடிகளில். முருங்கன் பக்கத்து வாய்க்காலில் பிடுங்கிய வேலம்பாசியும் கடையில் வாங்கிய நாலைந்து செடியும் நட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உப்புச் சவர் என்பதால் கூரையில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றினேன். ஒரு மாதத்தில் இலைகள் மஞ்சளாகிக் கரையத் தொடங்கின. வெளிச்சம் போதும், பசளை போதும், செடி உணவாக்க எடுக்கிற காபனீரொட்சைட்டு வாயுத்தான் போதாது என்று கணக்குப் போட்டேன். பெரிய சோடாப் போத்தலில் இரண்டு கோப்பை சீனி, இளஞ்சூட்டுத் தண்ணீர், கால் தேக்கரண்டி ஈஸ்ட். சீனி புளிக்கும்போது வருகிற அந்த வாயு போக மூடியில் துளை போட்டு, சேலைன் ஏற்றுகிற குழாயைப் பொருத்தித் தொட்டிக்குள் விட்டேன். சொட்டு விழுகிற அந்தச் சிறு குப்பிக்குள் குமிழ்களை எண்ணலாம். நிமிடத்துக்கு முப்பது. இருட்டில் செடிக்கு அந்த வாயு வேண்டாம், மீன்களுக்குத்தான் மூச்சு முட்டும் என்பதால் பொழுதுபடும்போது குழாயை வெளியே எடுத்துவிடுவேன். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன்.

"தபசுகாலத்தில வீட்டுக்குள்ள கள்ளு வடிக்கிறியோ?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டீர்கள். ஆனால் செடிகள் பச்சை பிடித்து, இலைகளில் முத்து முத்தாய்க் குமிழ் கட்டியபோது முதலில் வந்து பார்த்ததும் நீங்கள்தான். அதற்குப் பிறகு செபமாலை முடிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு முன்னால் இருக்கத் தொடங்கினீர்கள்.

ஒரு நாள் அலுமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தச் சங்கை எடுத்து வந்தீர்கள்.

உங்கள் மகன் சங்கு குளிக்கப் போன முதல் பருவத்தில் கொண்டுவந்த சங்கு அது. கத்தி நுனியால் அதில் 'அம்மாவுக்கு' என்று கீறித் தந்தான். அடுத்த வருடம், சண்டைக்குப் பயந்து சனமெல்லாம் வள்ளத்தில் இந்தியாவுக்கு ஓடிய நாட்களில், அவனும் ஏறிப் போனான். அந்த வள்ளத்தைப் பற்றியோ அதில் போனவர்களைப் பற்றியோ ஒரு தகவலும் வரவில்லை. நீங்கள் இருந்த முகாம்களுக்கெல்லாம் அந்தச் சங்கைச் சேலையில் சுற்றிக் கொண்டுபோனீர்கள். அவனுடைய படமோ உடுப்போ ஒன்றும் மிஞ்சவில்லை. அவன் கையால் எழுதியது என்று உலகத்தில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

"கடல்ல கிடந்த சாமான், தம்பி. இவ்வளவு காலமும் காஞ்சு கிடந்திட்டுது. தண்ணிக்குள்ள கொஞ்சம் கிடக்கட்டும்."

காபனீரொட்சைட்டுக் கரைந்த தண்ணீர் மெல்லிய அமிலம். சங்கு கல்சியம் காபனேற்று. ஒன்று மற்றதைக் கரைக்கும். முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீங்கள் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டு, எழுத்துத் தெரிகிற பக்கம் வெளியே பார்க்கும்படி சங்கை மண்ணில் ஊன்றிவிட்டீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு முகத்தை நான் எத்தனையோ வருடமாகக் கண்டதில்லை. தடித்த ஓடுதானே, இலேசில் கரையாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் மாதம் சங்கின் மினுக்கம் போய்க் கரும்பலகைச் சோக்கட்டிபோல வெளுத்தது. பிறகு எழுத்தின் ஓரங்கள் மழுங்கின. குமிழை நிமிடத்துக்கு இருபதாகக் குறைத்தேன். முற்றாக நிறுத்தினால் செடி கருகும், ஏன் என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டி வரும். நாளைக்குச் சொல்வோம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சொல்வோம் என்று மனதுக்குள் வசனங்களைச் சரிப்படுத்திக்கொண்டே இருந்தேன். நான் தள்ளிப்போடப் போட, அழிந்தது தண்ணீருக்குள் இருந்த எழுத்து.

ஒரு மாலை கதிரையில் இருந்தபடி கண்ணாடிக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தீர்கள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள்.

"என்ர கண் மங்கிப்போச்சு, தம்பி. அவன்ர எழுத்துத் தெரியேல்லை."

அப்போது நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். "வயசு போகுதல்லோ அக்கா. ஒருக்காக் காட்டுவம்" என்றேன்.

கண் டொக்டர் பார்த்துவிட்டு இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது என்றார். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதி வந்தது. அதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் வந்தது.

சத்திரசிகிச்சைக்கு நீங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த இரண்டு நாளும் சம்மாட்டியாரின் மனைவி உங்களோடு நின்றா. நான் வீட்டில் நின்றேன். சங்கை எடுத்துத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முதல் எழுத்தின் வளைவு கொஞ்சம் தெரிந்தது, மற்றதெல்லாம் வெறும் பள்ளம். அவனுடைய எழுத்தை நினைவிலிருந்து பேப்பரில் பலமுறை எழுதிப் பழகினேன். பிறகு வட்டம் கீறுகிற பழைய கவராயத்தின் கூரால் சங்கில் கீறினேன். புதுக்கீறல் வெள்ளையாகத் தெரிந்ததால் தேயிலைச் சாயத்தைத் தடவி ஊறவிட்டேன். போத்தலைக் கழற்றிவிட்டு, சங்கை இருந்த இடத்திலேயே வைத்தேன். ஒன்றையும் தவறவிடவில்லை என்றுதான் நினைத்தேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றலாம் என்று சொன்ன நாளில் நீங்கள் நேரே தொட்டியடிக்குப் போனீர்கள். கனநேரம் பார்த்தீர்கள்.

"அதை ஒருக்கா வெளிய எடு."

எடுத்துத் தந்தேன். எழுத்தின் மேல் விரலை வைத்து, தொடக்கத்திலிருந்து கடைசிவரை மெல்ல இழுத்தீர்கள்.

"இது அவன் எழுதினதில்லை. இதை எழுதின கை நடுங்கியிருக்கு. ஆர், நீயோ?"

எல்லாவற்றையும் சொன்னேன். வாயு, அமிலம், கவராயம், தேயிலைச் சாயம். வகுப்பில் சொல்கிறமாதிரி ஒழுங்காகச் சொன்னேன், வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"என்ர கண்ணிலதான் பிழையெண்டு நம்பினன், தம்பி. திரும்பி வரேக்குள்ள அவன்ர எழுத்தைப் பாக்கலாமெண்டுதான் கண்ணை வெட்டக் குடுத்தனான்." சங்கை மடியில் வைத்துக்கொண்டு சொன்னீர்கள்: "தெரிஞ்ச அண்டைக்கே சொல்லியிருந்தா வெளிய எடுத்திருப்பன். அரைவாசியாவது மிஞ்சியிருக்கும்."

ஏசவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கும் என்னைக் கூப்பிட்டீர்கள். சங்கைத் துடைத்து மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தீர்கள். மறுநாள் நான் தொட்டியைக் காலி செய்தேன். மீன்களைச் சம்மாட்டியார் வாங்கிப் போனார். அன்று அவரும் பகிடி விடவில்லை.

அடுத்த வருடம் ஐப்பசியில் உங்களுக்கு அந்த வயிற்று நோ. பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் முடிந்தபிறகு டொக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "உங்கட அக்காவுக்கு இப்ப சொல்லத் தேவையில்லை" என்றும் சொன்னார். பஸ்ஸில் யன்னல் பக்கம் நீங்கள், பக்கத்தில் நான். பாலம் கடந்து எங்கள் தீவுக்குள் வரும்வரை நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலே விட்டுவிடுவீர்கள் என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, சேலையை மாற்றி, முன்னறை மரவாங்கில் இருந்துகொண்டு கேட்டீர்கள். "டொக்டர் என்ன சொன்னவர்?"

வயசு போகுதல்லோ என்ற அந்தப் பழைய வசனம்தான் முதலில் வந்து நின்றது.

"புற்றுநோய் ஈரலுக்குப் போயிட்டுதாம், அக்கா. மருந்தால மாத்தேலாதாம். மார்கழி நத்தாரைத் தாண்டாதெண்டு சொல்லுறார்."

நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ம்" என்றீர்கள். பிறகு "சாப்பிடுவம், வா" என்றீர்கள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து, மரித்தோர் பூசைக்குக் கோயிலில் கொடுக்கிற பெயர்ப் பட்டியலை எழுத என்னை இருத்தினீர்கள். உங்களோடு வந்து இருக்க முன்பும் ஒவ்வொரு கார்த்திகைக்கும் நான்தான் வந்து எழுதுவேன். அப்பா, அம்மா, அத்தான். மூன்று பெயரோடு நிறுத்துவீர்கள். மகனுடைய பெயரை ஒரு வருடமும் நீங்கள் சொன்னதில்லை, நான் கேட்கத் துணிந்ததில்லை. ஒருமுறை பங்குச் சுவாமி கேட்டதற்கு, "ஆள் இல்லையெண்டு ஆர் கண்டது, சுவாமி?" என்று சொல்லி எழும்பி வந்தீர்கள்.

அன்று மூன்று பெயரும் எழுதி முடித்துப் பேனாவை மூடப் போனேன்.

"மூடாத. அத்தானுக்குக் கீழ அவன்ர பேரை எழுது."

எழுதினேன்.

"அதுக்குக் கீழ ஒரு வரி இடம் விடு. வாற வருசம் நீ தேடிக்கொண்டு நிக்க வேணாம்."

தாளை வாங்கி, வெட்டிய கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தீர்கள். உங்கள் உதடுகள் அவன் பெயரில் நின்றன. பிறகு என்னிடம் திருப்பித் தந்தீர்கள்.

மார்கழி பிறந்து ஐந்தாம் நாள் நீங்கள் போனீர்கள். சங்கை உங்கள் கைக்குப் பக்கத்தில் சவப்பெட்டிக்குள் வைத்தேன். அடக்கத்தில் நீங்கள் சொல்லாமலே நானாகச் செய்தது அது ஒன்றுதான்.

இந்தக் கார்த்திகையில் அந்த வரியை நிரப்பினேன். அவன் பெயருக்குக் கீழே உங்கள் பெயர். எழுதிவிட்டுத் தாளை மடிக்காமல் கனநேரம் வைத்திருந்தேன். டொக்டர் சொன்னதை நான் அன்று மறைத்திருந்தால், அவனை இந்தத் தாளில் சேர்க்காமலே, அவன் எங்கோ இருக்கிறான் என்ற எண்ணத்தோடே நீங்கள் கண் மூடியிருக்கலாம். சங்கின் விஷயத்தில் சொல்லாமல் விட்டு அவன் எழுத்தை உங்களிடமிருந்து எடுத்தேன். நோயின் விஷயத்தில் சொல்லி அவனையே எடுத்துவிட்டேனோ என்று சில நாள் நினைக்கிறேன். வேறு சில நாள், அவனை நீங்களாகவே கொண்டுபோய் மரித்தோரோடு சேர்ப்பதற்கு அந்த ஒன்றரை மாதம் உங்களுக்குத் தேவைப்பட்டது என்று நினைக்கிறேன்.

எது சரி என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. தெரியவில்லை என்பதையாவது நாளைக்கென்று தள்ளாமல் இன்றைக்கே உங்களிடம் சொல்கிறேன்.

உங்கள் தம்பி