முகம் வைக்காத மெழுகுப் பெண்

அக்கா,

மெழுகுவர்த்தியை இப்போதுதான் ஏற்றினேன். விளக்கைப் போட்டால் அம்மா விழித்துக்கொள்வாள். அதனால் சமையலறை மூலையில், அரிசி டின்னுக்குப் பின்னால் உட்கார்ந்து எழுதுகிறேன். தீக்குச்சியை அணைத்ததும் மெழுகு உருகும் வாசனை வந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. நீ போன இந்த ஐந்து மாதமாக இந்த வாசனைக்குப் பயந்து கோயிலில்கூடக் கடைசி வரிசையில்தான் முழங்கால் போடுகிறேன். ஆனால் இங்கே வேறு வெளிச்சம் இல்லை. விடிவதற்குள் எழுதியாக வேண்டும்.

நாளைக் காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார். உன் வீட்டுக்காரரை, மாமாவைக் கட்டிக்கொள்ள எனக்குச் சம்மதமா என்று கேட்பார். உன் மாமியார் வீட்டிலும் நம் வீட்டிலும் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்ட மேற்றிராணியாரின், அதுதான் பிஷப்பின், அனுமதி வேண்டுமாம். அதுவும் போன வாரம் வந்துவிட்டது. நான் தலையை ஆட்டினால் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கல்யாண அறிவிப்பை, முதல் ஓலையை, வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, கல்யாணம் நடத்தாத தவக்காலம் தொடங்குவதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். மார்ச்சில் எனக்குப் பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதெல்லாம் எப்படி வந்தது என்று உனக்குத் தெரியாது. நான் வாயைத் திறக்காததால் வந்தது. அதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட நூலகத்துக் கனத்த இங்கிலீஷ் புத்தகங்களில் ஒன்றில், ஒரு படத்தின் மேல் மட்டும் பிரௌன் பேப்பர் ஒட்டியிருந்தது என்று சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? நூலகத்து சிஸ்டர் ஒட்டியது. ஒட்டாமல் விட்டிருந்தால் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பியிருக்கவே மாட்டார்கள். ஒட்டியதால் பதினோராம் வகுப்பு முழுவதும் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டது. தூசி தட்டும் முறை எனக்கு வந்த அன்று, ஈரத் துணியால் நனைத்து அந்தப் பேப்பரை உரித்தேன். அப்புறம் என்ன தைரியத்தில் செய்தேனோ, பக்கத்தையே கிழித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். உனக்காகத்தான். ஏழாம் மாதத்தில் வளையல் அடுக்கி உன்னை நம் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். கால் வீங்கி, துறைமுகத்துச் சங்கு எத்தனை முறை ஊதுகிறது என்று எண்ணிக்கொண்டு நீ சும்மா உட்கார்ந்திருந்தாய்.

படத்தைப் பார்த்ததும் சிரித்தாய். "இன்னாடி இது, எதிர்வூட்டு ரோசக்கா குளிச்சிகினு கீற மாதிரி கீது" என்றாய். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

ஒரு சாணுக்கும் குறைவான கல் பொம்மை அது. ஏர், பானை எதுவும் மனிதருக்குத் தெரியாத காலத்தில், பல ஆயிரம் வருஷங்களுக்கு முன்னால், ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஆற்றங்கரையில் யாரோ செதுக்கியது. பெரிய மார்பு, பெரிய வயிறு, அகன்ற இடுப்பு. கைகள் குச்சி மாதிரி மெலிந்து மார்பின் மேல் கிடந்தன. தலை முழுவதும் பின்னல் மாதிரி வரிவரியாக வேலைப்பாடு. முகம் இல்லை. பாதமும் இல்லை. கீழே எழுதியிருந்ததை அகராதியை வைத்துக்கொண்டு உனக்கு வாசித்துக் காட்டினேன். இப்படிப்பட்ட பெண் உருவங்கள் பல தேசங்களில் மண்ணுக்கடியில் கிடைக்கின்றனவாம். பிள்ளை வரம் கொடுக்கும் தெய்வம் என்று சில அறிஞர்கள் சொல்கிறார்களாம். பிரசவத்துக்குக் காப்பாகக் கையில் வைத்துக்கொள்வது என்று சிலர். வெறும் விளையாட்டுப் பொம்மை என்றும் சிலர். உண்மை யாருக்கும் தெரியாதாம்.

நீ கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "இம்மாம் பேர் பேசினாங்களே, ஒருத்தனாவது ஒரு புள்ளத்தாச்சிய கேட்டானா?" என்றாய்.

அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். குனிந்து உன்னையே பார்த்தாய். வெகு நேரம் பார்த்தாய். "தோ பாரு, என் காலு எனக்குத் தெரியல. மூஞ்சியும் தெரியல. இதான் தெரியுது, இந்த வயிறும் மாரும். இது சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல. எவளோ ஒருத்தி குனிஞ்சி தன்னையே பாத்து செஞ்சிகீறா." நீ எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். அந்தப் புத்தகத்தில் எழுதியவர்களுக்குத் தோன்றாதது உனக்கு அரை நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

மறுநாள் கோயில் மாதா கெபியில் மெழுகுவர்த்திகளிலிருந்து வழிந்து கிடந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டு வரச் சொன்னாய். வெயிலில் காய்ந்த தகரத்தின் மேல் வைத்து இளக்கி, உருட்டி, பிசைந்து, உன் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் செய்தாய். நான்கு நாள் ஆயிற்று. அம்மா உனக்காக வேளாங்கண்ணிக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்திருந்தாளே, அதை நினைத்துக்கொண்டு, "அவளும் நேந்துகினு ஆத்தங்கரைல வச்சிட்டு போயிருப்பா, பாவம்" என்றாய். கடைசியில் நான் கொண்டை ஊசியால் கண்ணும் மூக்கும் போடப் போனேன். கையில் ஓர் அடி வைத்தாய். "மூஞ்சி வைக்காதடி. வச்சா வேற யாரோ ஆயிடும். இது நானு."

கைக்குட்டையில் சுற்றி உன் டிரங்குப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் வைத்தாய். நம் வீட்டுக்கு வந்த எட்டாவது வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனாய். குழந்தை வந்தாள். உனக்கு ரத்தம் நிற்கவில்லை. அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

ஏழாம் நாள் பூசை முடிந்து வந்து அம்மா உன் பெட்டியைத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தவள் அலறினாள். மெழுகால் செய்த உருவம், பெருத்த வயிறு, முகம் கிடையாது, கால் கிடையாது. செய்வினைப் பாவை என்று அவள் நினைத்துவிட்டாள். நீ ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் உன் மாமியார் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்து, உட்கார வேறு இடமில்லாமல் அந்தப் பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருந்தாள். அது அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த நிமிஷம் அந்தப் பக்கம் என் கணக்கு நோட்டுக்குள் இருந்தது, அக்கா. எடுத்துக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். திருடிய பக்கம். அதிலும் துணியில்லாத ஒரு பெண்ணின் படம். சிஸ்டருக்குத் தெரிந்தால் சீட்டைக் கிழித்து அனுப்பிவிடுவார்கள், பரீட்சை போய்விடும் என்று பயந்தேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

நாளை வருவதற்குள் அம்மா பொம்மையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு, குழந்தையை என் கையில் கொடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு உன் மாமியார் வீட்டுக்குத் திருவொற்றியூர் பஸ் ஏறிவிட்டாள். உன் மாமியார் தெருக்குழாயில் வரிசையில் நின்றிருந்தாள். அம்மா பொம்மையை எடுத்து அவள் குடத்துக்குள் போட்டாள். "நீ வச்சத நீயே எட்துக்கோ. என் பொண்ணத்தான் முழுங்கிட்டியே."

தெருவே கூடிவிட்டது. உன் மாமியார் குடத்தைக் கவிழ்த்துப் பொம்மையை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "வூட்டுக்கு விளக்கேத்த வந்தவள கொன்னுட்டு எம்புள்ளைய அனாதையா உடுவனா? உனக்கு மூளை கீதா, அம்மாடி?" என்றாள். அம்மா கேட்கவில்லை. என்னென்னவோ சொன்னாள். கடைசியில் உன் மாமியார் உள்ளே போய்ப் பொம்மையை எரியும் அடுப்பில் போட்டுவிட்டாள். தீ குப்பென்று எழுந்தது. வாசற்படியில் நின்ற எனக்கும் அந்த வாசனை வந்தது. குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. சூனியம் வைத்தவள் என்ற பெயரோடு உன் மாமியாரால் கோயிலுக்குப் போக முடியவில்லை. எங்கள் ரத்தம், குழந்தையைக் கொடுங்கள் என்று ஆள் மேல் ஆள் அனுப்பினாள். அம்மா கொடுக்க மாட்டேன் என்றாள். மாமா மட்டும் சனிக்கிழமைகளில் இழுவைப் படகு வேலை முடிந்து பால் பவுடர் டப்பாவோடு வந்து, வாசலில் நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவார். கடைசியில் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார்தான் வழி கண்டுபிடித்தார். நம் வீட்டு முன்னறையில் டீ குடித்துக்கொண்டு, "சின்னவள குட்துட்டா புள்ளைக்கும் தாயி கெடைக்கும், ரெண்டு வூட்டுக்கும் சமாதானம்" என்று சொன்னார். அப்பா தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். அம்மா அழுதாள். பாரம் இறங்கினவள் அழுகிற மாதிரி அழுதாள்.

மாமா நல்லவர்தான். கொடுமை செய்ய மாட்டார். ஆனால் அவரை நிமிர்ந்து பார்த்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு கோயில் படி இறங்கியவராகத்தான் தெரிகிறார். உன் கல்யாண ரவிக்கையை அம்மா எனக்குப் பிடித்துத் தைக்கச் சொல்லித் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறாள். நேற்று அளவு பார்க்க அதைப் போட்டுக்கொண்டு நின்றபோது, அந்தப் பொம்மைக்கு ஏன் முகம் இல்லை என்று எனக்கு வேறொரு காரணம் தோன்றியது. முகம் தேவைப்படவில்லை, அக்கா. பெற்றுப் போட, பால் கொடுக்க, வளர்க்க ஓர் உடம்பு வேண்டும். அது மூத்தவளாக இருந்தாலும் இளையவளாக இருந்தாலும் ஒன்றுதான். நீ சொன்னது சரியா, நான் நினைப்பது சரியா என்று தெரியவில்லை. சில ராத்திரிகளில் இதைவிட மோசமாகவும் தோன்றுகிறது. நான் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்ததால்தான், நீ காலில்லாத ஒரு பெண்ணைச் செய்து அது நீதான் என்று சொன்னதால்தான், உனக்கு அப்படி ஆயிற்றோ என்று. விஞ்ஞானப் பாடத்தில் நான் வகுப்பில் முதல். ஆனாலும் தோன்றுகிறது.

இன்று சாயங்காலம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் பின்கட்டில் உட்கார்ந்து சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், பக்கம், கெபி மெழுகு, தகரம், நான்கு நாள். நோட்டிலிருந்து பக்கத்தை எடுத்து நீட்டினேன். உண்மை தெரிந்ததும் எழுந்து ஓடுவாள், உன் மாமியார் காலில் விழுவாள், பேசியதெல்லாம் கலைந்துவிடும் என்று நம்பினேன். இத்தனை மாதமும் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை அதுதான். சொன்னால் தப்பித்துவிடலாம், சொல்லத்தான் தைரியம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஈரக் கையோடு பக்கத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அவ கையால செஞ்சதா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"அவ கையாலயா?" என்று மறுபடியும் கேட்டாள். "அதையா நான் அட்ப்புக்குக் குட்தேன்?"

கைகள் வைத்தாளா, தலையை எப்படிச் செய்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பின்னல் போட்டிருந்தாள் என்றதும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து நான்தான் கேட்டேன், அப்படியென்றால் இந்தக் கல்யாணம் வேண்டாம்தானே என்று.

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பொம்மைக்காடி கல்யாணம்? புள்ளைக்கு. போ, முழிச்சிக்கப் போவுது, போய்ப் பாரு" என்று சொல்லிவிட்டு மீனை எடுத்துக்கொண்டாள்.

போய்ப் பார்த்தேன். விழித்துதான் இருந்தாள். இருட்டில் என்னைத் தெரிந்துகொண்டு கையை நீட்டினாள். அம்மாவிடம் போகமாட்டாள், மாமாவிடம் போகமாட்டாள், என்னிடம் மட்டும் உடனே அடங்குவாள். அவளைத் தூக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருக்கிறது.

நாளைக்குச் சாமியார் கேட்பார். உன்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, மகளே என்பார். அது சட்டமாம், கேட்டுத்தான் ஆக வேண்டுமாம். அம்மா பக்கத்தில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பாள். நான் யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றுதான் சொல்லப்போகிறேன். அவர் எழுதிக்கொள்வார், நான் கையெழுத்துப் போடுவேன். யாரும் கேட்கவில்லை என்று பிறகு சொல்லவும் முடியாது.

அதனால்தான் இன்று ராத்திரியே உனக்கு எழுதினேன். பூமியில் ஓர் இடத்திலாவது இது ஒரு தடவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மெழுகு முடியப்போகிறது. நீ கேட்டதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

எனக்குச் சம்மதம் இல்லை, அக்கா.