நாலேகால் ராத்தல்

உ
சிவமயம்

குன்றாண்டார்கோவில்,
ஈசுவர வருஷம் மாசி 9 (1938)

ஈப்போவில் இருக்கும் மாப்பிள்ளை தேனப்பன் அவர்களுக்கு மாமனார் சொக்கநாதன் எழுதுவது. இங்கு அமிர்தவல்லியும் குழந்தையும் நலம். அங்கு உங்கள் நலத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. முதலாளி வீட்டுச் சாப்பாடு பிரமாதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

மகள் பிறந்த செய்திக்கு இரண்டு மாதம் கழித்துப் பதில் போட்டீர்கள். அதில் சந்தோஷம் என்று ஒரு சொல் இல்லை. எடை என்ன, நீளம் என்ன, தலை எத்தனை அங்குலம் என்றுதான் கேள்வி. முதலாளியின் பேரன் எட்டு ராத்தலாம். பிள்ளை தேறினால் தாயையும் சேர்த்து அனுப்ப வேண்டுமாம், தேறாவிட்டால் ஆத்தா பார்த்திருக்கும் வேறு பெண்ணைக் கட்டுவீர்களாம். சரக்கு பிடிக்கிறவர்கள்கூட இதைவிட மரியாதையாக எழுதுவார்கள்.

கேட்டதற்குச் சொல்கிறேன். நர்ஸ் ஞானமணி அம்மாள் துணியில் ஏந்தித் தராசில் நிறுத்தார். நாலேகால் ராத்தல். நீளம் பதினேழு அங்குலம், தலை பன்னிரண்டு. "பிள்ளைக்கு மாசம் நெறைஞ்சுதான் இருக்குங்க. தாய்க்குத்தான் சோறு பத்தலை" என்றார்.

எங்கள் வம்சமே சின்ன எலும்பு என்று உங்கள் ஆத்தா சொன்னார்களாம். நான் முப்பது வருஷமாகப் புளி வியாபாரி. அமிர்தவல்லி பிறந்த அன்று, கண்ணு பட்டுவிடும் என்று வீட்டில் எல்லாரும் ஏச ஏச, கடைத் தராசில் வைத்து நிறுத்தவன். ஏழு ராத்தல். எங்கள் எலும்பை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும் என்பது உங்கள் ஆத்தாவின் வைத்தியம். காலையில் நீராகாரம், மத்தியானம் அரை வயிறு, ராத்திரி ஒன்றுமில்லை. குதிர் நிறைய நெல், தொழுவத்தில் மூன்று பசு. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பிப் பெண் கொடுத்தேன். பிள்ளை சிறுக்க வேண்டும் என்று பட்டினி போட்டுவிட்டு, சிறுத்துவிட்டதே என்று கடல் தாண்டிப் புகார் சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

உங்களை மட்டும் ஏசவில்லை. ஏழாம் மாதம் அமிர்தவல்லியை அழைக்க உங்கள் வீட்டுக்கு வந்தேன், உங்கள் ஆத்தா அனுப்ப மறுத்தார்கள். கொல்லைப்பக்கம் போனபோது, வைக்கோல் போருக்குப் பின்னால் நின்று, நான் கொண்டுவந்த அதிரசத்தை மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முந்தானையில் மறைத்தாள். சம்பந்தி மரியாதை கெடக்கூடாதென்று, பார்க்காதவன் போல வண்டியேறிய சூரன் நான். ஒன்பதாம் மாதம்தான் பெண் எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

உங்கள் ஊர் மருத்துவச்சி காத்தாயி போன வாரம் வந்திருந்தாள். உங்களைக் கையில் ஏந்தி எடுத்தவள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, "ஒங்க மாப்பிள்ளையும் பொறந்தப்ப இம்புட்டுத்தான் இருந்தாக. மொறத்துல பஞ்சு விரிச்சுல்ல வச்சிருந்தோம். அந்த ஆத்தாவையும் அவுக மாமியா இப்படித்தான் காயப்போட்டாக. பசியில அழுவுறத நானே பாத்திருக்கேன்" என்றாள். எலும்பு யாருடையது என்று இனி நீங்களே முடிவு செய்யுங்கள். பட்ட பசியை மறக்காமல் வைத்திருந்து மருமகளுக்குக் கொடுத்த உங்கள் ஆத்தாவை என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

குழந்தை இப்போது ஒன்பது ராத்தல். உங்கள் கடிதத்துக்குப் பயந்து தேறவில்லை. தாய் சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். பேத்தியைப் பார்க்க உங்கள் ஆத்தா வரலாம். முதல் இலை அவர்களுக்குத்தான். போதும் என்று சொல்லும்வரை பரிமாறுவோம்.

இதை எழுதும்போது அமிர்தவல்லி அடுக்களையில் சாப்பிடுகிறாள். யாராவது உள்ளே போனால் இன்னமும் இலையைக் கையால் மறைக்கிறாள், நான் போனாலும்கூட. அந்தக் கை விலகுகிற அன்று எழுதுகிறேன். நீங்களே வந்து அழைத்துப் போங்கள்.

வேளாவேளைக்கு வயிறார உண்டு நலமாக இருக்க ஆசீர்வதிக்கும்,
சொக்கநாதன்