தவளையின் கண்ணுக்குள் ஒரு கண்ணாடி

அன்புள்ள பெரியவனுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் தங்கையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் சிரித்த முகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேத்தியும் அப்படியே இருக்கிறீர்கள் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். போனில் நீ கேட்கும்போதெல்லாம் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்லி வைத்துக்கொண்டிருந்தேன், அது பொய் இல்லை, ஆனால் முழுசும் இல்லை. உன் தங்கை, நம் தவளை, இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டாள். பதறாதே, கடைசி வரை படி. இப்போது நம் எல்லாரையும்விட அவள்தான் நன்றாகப் பார்க்கிறாள். முடிகிற வரை அண்ணனுக்குத் தெரியவே கூடாது, தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு அடுத்த விமானத்தில் வந்து நிற்கும் என்று எங்கள் வாயைக் கட்டிவிட்டாள். நேற்று அவளே, இனிமே சொல்லலாம்ப்பா, ஆனா நீங்களே எழுதுங்க, போன்ல சொன்னா அண்ணன் பாதியக் கேட்டுட்டு மீதிக்குக் கத்தும் என்றாள். அதனால் மத்தியானம் கறிக்கடையைச் சாத்திவிட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் கண்ணாடி எவ்வளவு கனம் என்று உனக்குத் தெரியும், கழற்றி வைத்தால் மேசையே ஒரு பக்கம் சாயும் என்று நீ கேலி செய்வாய். கண்ணாடி இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்களே அவளுக்குக் கலங்கித்தான் தெரியும். அப்படிப்பட்டவள் போய் நீச்சல் குளத்தில் குழந்தைகளுக்குச் சொல்லித் தரும் வேலையைப் பிடித்தாளே, தண்ணீரை விட்டு வரமாட்டாள் என்று நீ தவளை என்று பெயர் வைத்தது வீண் போகவில்லை. நீந்தும்போது போடுகிற கண்ணாடியிலும் பவர் வைத்துத் தருகிறார்கள், ஆனால் அவள் கண்ணுக்கு வேண்டிய அளவுக்குக் கிடைக்கவில்லை, கிடைத்ததை மாட்டிக்கொண்டு சமாளித்துவந்தாள். கண்ணின் மேல் ஒட்டும் லென்ஸையும் போட்டுப் பார்த்தாள், குளத்துத் தண்ணீர் பட்டுக் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்து, இனி இதைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன கோடையில் ஒரு நாள், வகுப்பில் இருந்த ஒரு சின்னப் பெண் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஆழத்துக்கு நழுவிவிட்டது. முங்குகிற குழந்தை சத்தம் போடாதாம், கையைக்கூட ஆட்டாதாம், அப்படியே கீழே போகுமாம். தவளை அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஏதோ மிதவைப் பலகை கிடக்கிறது என்று நினைத்திருக்கிறாள். எதிர்க்கரையில் இருந்த இன்னொரு வாத்தியார் குதித்துத் தூக்கிவிட்டார், குழந்தை இருமித் தண்ணீரைத் துப்பிவிட்டு அழுதது, அவ்வளவுதான். யாரும் இவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கயிறு தளர்ந்து கிடந்ததுதான் காரணம் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இவள் பேசாமல் இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன், உண்மையைத்தான் எழுதுகிறேன். அவள் ஈரம்கூடத் துவட்டாமல் அந்தக் குழந்தையின் அம்மாவிடம் போய், நான் அந்தப் பக்கம்தாங்க பாத்துட்டிருந்தேன், என் கண்ணுக்குத் தெரியல என்று சொல்லியிருக்கிறாள். பிறகு மேனேஜர் அறைக்குப் போய், என் கண்ணு சரியாகுற வரைக்கும் என்னைத் தண்ணியில இறக்காதீங்க சார், டிக்கெட் குடுக்குற இடத்துல உக்கார வைங்க என்று கேட்டிருக்கிறாள். மேனேஜர், எதுக்கும்மா இதைப் பெருசு பண்றே என்றாராம். இவள், அந்தப் புள்ளயோட அம்மாவுக்கு இது பெருசு சார் என்றாளாம், மறுநாளிலிருந்து டிக்கெட் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது உன் அம்மா அவள் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், தலை காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டிருந்தாள்.

அப்புறம் லேசர் பேச்சு வந்தது. தெருவில் யாரைக் கேட்டாலும் லேசர்தான், காலையில் போய் மத்தியானம் கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வரலாம் என்றார்கள். ஆசையோடு போனாள். டாக்டர் அம்மா எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, உனக்கு லேசர் செய்ய மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கண்ணின் முன்பக்கம் தெளிந்த தோல் ஒன்று இருக்கிறதே, அதைச் சீவித்தான் லேசரில் பார்வையைச் சரிசெய்வார்களாம். இவளுக்கு அந்தத் தோல் பிறவியிலேயே மெல்லிசு, பவரோ அதிகம், அவ்வளவு பவருக்குச் சீவினால் மிச்சம் இருப்பது பலமில்லாமல் நாளடைவில் முன்பக்கம் பிதுங்கிக்கொள்ளும் என்றாராம். தோலைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம், கேட்டதுமே புரிந்துவிட்டது. தவளை அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவள் சாப்பிடக்கூட எழவில்லை. உன் அம்மா, டிக்கெட் குடுக்குற வேலையும் வேலைதானே, நனையாம கொள்ளாம நாற்காலியில உக்காந்து பாக்கலாமே என்று சமாதானம் சொல்ல, நம் வீட்டில் அன்றைக்கு எழும்பியது அழுகைதான்.

ஆனால் அந்த டாக்டர் அம்மா கையை விரித்ததோடு விட்டுவிடவில்லை. கண்ணைச் சீவாமல், கண்ணுக்குள்ளேயே ஒரு லென்ஸை வைக்கிற வழி இருக்கிறது, யோசித்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பியிருந்தார். இவள் என்னை இழுத்துக்கொண்டு மறுபடி போனாள். நான் கதவைத் தாண்டும்போதே, அம்மா, இவளுக்குச் சின்ன வயசு, எங்க வீட்டம்மாவுக்குப் புரை எடுத்தீங்களே அந்த மாதிரி இவ கண்ணையும் நோண்டணுமா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்காமல், நீங்க என்ன தொழில் பண்றீங்க என்றார். சொன்னேன். அப்போ ஆட்டுக் கண்ணுக்குள்ள கோலி மாதிரி தெளிவா ஒண்ணு இருக்குமே, பாத்திருப்பீங்களே என்றார். பார்க்காமல் என்ன, சின்ன வயதில் நீயே கடையில் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து அதற்குள் தெருவைத் தலைகீழாகப் பார்ப்பாயே. அதைத்தான் உன் அம்மாவுக்கு எடுத்துவிட்டு வேறு வைத்தார்களாம். இவளுக்கு அதைத் தொடவே மாட்டார்களாம். கண்ணின் நிற வட்டத்துக்குப் பின்னால், அந்தக் கோலிக்கு முன்னால், கொஞ்சம் இடம் இருக்கிறது, அங்கே சருகு மாதிரி மெல்லிய மெத்தென்ற ஒரு லென்ஸைச் சுருட்டி உள்ளே விட்டால் அது தானே விரிந்துகொள்ளும், ஒத்துவராவிட்டால் எடுத்தும் விடலாம் என்றார். நல்லதை மட்டும் சொல்லி அனுப்பவில்லை அந்த அம்மா. கண்ணில் அழுத்தம் ஏறலாம், பின்னால் புரை சீக்கிரம் வரலாம், இரவில் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியலாம், லென்ஸ் வைத்தாலும் உள்ளுக்குள் இது பவர் அதிகமான கண்தான், வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தவளை பரீட்சைக்குப் படிக்கிறவள் மாதிரி குறுக்குக் கேள்வி கேட்டாள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருக்கிற இடத்தை மறுபடி மறுபடி அளந்தார்கள், லென்ஸ் பெரிதானாலும் தப்பு, சிறிதானாலும் தப்பாம். கண்ணின் பின்பக்கத் திரையில் ஒரு இடம் இற்றுப்போயிருக்கிறது என்று முதலில் அதற்கு லேசர் வைத்து ஒட்டினார்கள். முன்னால் வேண்டாம் என்ற லேசரைப் பின்னால் வைக்கிறார்களே என்று நான் சொன்னதற்கு அந்த டாக்டர் அம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

முதல் கண் ஆபரேஷன் அன்று என் கதையைக் கேட்காதே. இத்தனை காலம் கத்தி பிடித்துப் பிழைத்தவன், மருந்து விட்டுக் கண் மரத்துப்போன என் பெண் பச்சைத் துணியைப் போர்த்திக்கொண்டு நடந்து உள்ளே போவதைப் பார்த்ததும் சுவரோரம் சரிந்துவிட்டேன். நர்ஸ் ஓடி வந்து என்னைத் தாங்கி, யாருக்கு இங்க ஆபரேஷன், உங்களுக்கா உங்க பொண்ணுக்கா என்று கேட்டாள். உன் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டே, இவரு கறிக்கடைக்காரருங்க என்று அறை முழுக்கக் கேட்கும்படி சொல்லி மானத்தை வாங்கினாள். நான் தண்ணீரைக் குடித்து முடித்துக் கொஞ்சம் ஆசுவாசப்படுவதற்குள் அவள் வெளியே வந்துவிட்டாள். வலிச்சுதா என்றேன், யாரோ கண்ணைக் கட்டை விரலால அமுத்துற மாதிரி இருந்துச்சு, ஒரே வெளிச்சம், அவ்வளவுதான்ப்பா என்றாள்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு சாயங்காலம் தலைவலி பிடித்துக்கொண்டது, குமட்டி வாந்தி எடுத்தாள், அந்தக் கண்ணில் எல்லாமே புகையாகத் தெரிகிறது என்றாள். இப்படி வந்தால் உடனே வந்துவிட வேண்டும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், ஆட்டோ பிடித்து ஓடினோம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருந்தது. டாக்டர் அம்மா பதறாமல், போட்ட சின்னத் துளை வழியாகவே உள்ளே தேங்கிய நீரைக் கொஞ்சம் வடியவிட்டார், மருந்து கொடுத்தார், பக்கத்திலேயே உட்கார்ந்து மறுபடி மறுபடி அழுத்தம் பார்த்தார், தலைவலி தண்ணீர் ஊற்றின அடுப்பாக அடங்கியது. வரும் வழியில் நான் உடைந்துபோய், போதும்மா, ஒரு கண்ணோட நிறுத்திக்கலாம், இன்னொண்ணு வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் ஒரு கண்ணில் மூடி வைத்துக்கொண்டு என் தோளில் சாய்ந்தபடி, பயமா இருக்குப்பா, எனக்கும் பயமாத்தான் இருக்கு, ஆனா அந்தப் புள்ள கீழ போறப்ப நான் பலகைன்னு நினைச்சேனே, அது இதைவிடப் பயமா இருக்குப்பா என்றாள். மறுநாள் காலை மூடியை எடுத்ததும் படுத்த இடத்திலிருந்தே எதிர்ச் சுவரில் பல்லியைக் காட்டி, அதுக்கு வால் அறுந்திருக்கு பாருங்க என்றாள். எனக்குப் பல்லியே தெரியவில்லை. அவளோ சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டாள், உன் அம்மா, கண்ணுக்குத் தண்ணி ஆகாது, கண்ணுக்குத் தண்ணி ஆகாது என்று ஓடி வந்தாள்.

இரண்டாவது கண் ஒரு தொந்தரவும் இல்லாமல் நடந்தது, அதற்கும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை. அதற்குப் பிறகு தண்ணீர் பக்கம் போகக் கூடாது என்றார்கள், தவளைக்கு அதுதான் பெரிய தண்டனை, உன் அம்மா நேரம் தவறாமல் சொட்டு மருந்தோடு காவல் நின்றாள். இரவில் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதாம், முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது குறைந்துகொண்டு வருகிறது என்கிறாள். டாக்டர் அம்மா போகலாம் என்று சொன்ன பிறகும் இவள் நேரே வகுப்பு எடுக்கப் போகவில்லை. குளம் காலியாக இருக்கும் நேரத்தில், அன்று குழந்தையைத் தூக்கிய அந்த வாத்தியாரை, சின்னச் சின்னச் சாமான்களை ஆழத்தில் போடச் சொல்லி, எதிர்க்கரையில் நின்று எது எங்கே விழுந்தது, என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். யாரும் கேட்காத பரீட்சை. தனக்குத் தானே வைத்துத் தேறிய பிறகுதான் மேனேஜர் அறைக்குப் போனாள்.

முதல் வகுப்பு அன்று நான் மேலே படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தேன். குழந்தைகள் வரிசையாக நீந்திக்கொண்டிருந்தன, எல்லாம் நன்றாகத்தான் நீந்துகின்றன என்று நினைத்தேன். தவளை அந்தக் கோடியிலிருந்து, தரையில கால் வெச்சு நடந்துக்கிட்டே கையை மட்டும் ஆட்டுறது யாரு யாருன்னு எனக்கு இங்கேருந்தே தெரியுது என்று குரல் கொடுத்தாள். பெரியவனே, முக்கால்வாசி வரிசை ஒரே நேரத்தில் காலைத் தூக்கியது, தூக்கியதும் பாதிப் பேர் முங்கி எழுந்து இருமினார்கள். முன்பு இவளுக்குக் கண் சரியாகத் தெரியாத நாளெல்லாம் மிஸ்ஸை இப்படித்தான் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. அவள் சிரிக்காமல் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய், வயிற்றுக்கடியில் கை கொடுத்து, உண்மையாக மிதக்க வைத்தாள்.

அவளைத் திட்டி ஒன்றும் எழுதாதே, திட்ட வேண்டும் என்றால் எனக்கு எழுது. இன்னொன்று, போனில் முகம் பார்த்துப் பேசும்போது பேத்தி படப் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற மாதிரி வைத்துப் பார்க்கிறாள், நானும் உன் அம்மாவும் கவனித்தோம். பள்ளிக்கூடத்தில் சொல்லட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே கண் டாக்டரிடம் கூட்டிப் போ, மறக்காமல் எனக்கு எழுது. கடைக்கு வருகிறவர்கள், உங்க பொண்ணு என்ன பண்ணுது என்று கேட்கிறார்கள். முன்பெல்லாம் நீச்சல் சொல்லித் தருது என்று ஒரே வரியில் முடித்துவிடுவேன். இப்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், கறி வாங்க வந்தவர்கள் வரிசையாக நிற்கிறார்கள், உன் அம்மா உள்ளேயிருந்து கத்துகிறாள், நான் நிறுத்துவதாக இல்லை.

நீங்கள் மூன்று பேரும் நீண்ட ஆயுசோடும் தெளிந்த கண்ணோடும் நிறைவாக இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிற,

உன் அப்பா