காலை எண், மாலை எண்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் அதே கூத்து. ஆளுயரக் கண்ணாடி உருளை, அதில் மணல். அடியிலிருந்து காற்றை ஊதினால் மணல் உலைத்தண்ணீர் போலக் கொதிக்கும். நடுவில் ஒரு சூடான குழாய். குழாயின் சூட்டை மணல் எவ்வளவு சுறுசுறுப்பாக வாங்கிக்கொள்கிறது என்பதுதான் நான் தரவேண்டிய எண். காலையில் ஒன்று வருகிறது, மாலையில் அதைவிடக் குறைவாக ஒன்று. அதே மணல், அதே குழாய், அதே நான்.

அதே நான்தானா?

மார்ச் 5, வியாழன்

ஆய்வகத் தலைவர் கூப்பிட்டார். கொதிகலன் கட்டும் கம்பெனி அவசரப்படுத்துகிறதாம். அவர்கள் கொதிகலனில் எரியும் மணலுக்குள் குழாய்கள் ஓடி, அதன் சூட்டை இழுக்கும்; வேண்டிய எண் இதேதான். எண் பெரிதாக இருந்தால் குழாய்கள் குறையும், செலவு குறையும். ஆனால் அந்த எண் பொய்யாக இருந்தால்? குழாய்களால் சூட்டை இழுத்து மாளாது. மணல் இளகிக் கட்டிதட்டி, கொதிகலனே நின்றுபோகும்.

"காலை நம்பரையே குடுத்துடுங்களேன். அதுவும் நீங்க அளந்ததுதானே? உங்க வேலையையும் நிரந்தரம் பண்ணிடலாம்" என்றார்.

அதுவும் நான் அளந்ததுதான். அதுதான் பிரச்சினையே. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது.

மார்ச் 9, திங்கள்

வெப்பமானியை மாற்றினேன். அதேதான்.

மார்ச் 11, புதன்

காற்று கூடிப்போனால் குமிழிகள் குழாயைச் சூழ்ந்துகொள்ளும், மணல் நெருங்க முடியாது, எண் இறங்கும். அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் நான் காற்றைத் தொடவே இல்லையே.

காலையில் எவ்வளவு ஒழுங்காக ஆரம்பிக்கிறேன். காற்றோடு மேலே பறந்து தூசிப்பையில் விழுந்த மணலை உதறி, உருளையில் திரும்பக் கொட்டி, எடையைச் சரிபார்த்த பிறகுதான் விசையைத் தட்டுகிறேன். இதில் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அக்காவிடம் புலம்பினேன். "காலையில சுறுசுறுப்பு, சாயங்காலம் மந்தமா? உன் அத்தானை உருளைக்குள்ள போட்டு வச்சிருக்கியா?" என்றாள். சிரிக்க வரவில்லை. காய்ச்சல் அடிக்கிற மாதிரி இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

காய்ச்சலேதான். ஒட்டகத்திடம் போனில் சோதனையை ஓட்டச் சொன்னேன். பக்கத்து மேசைக்காரன், நீளக் கழுத்து. வேலையில் சோம்பேறி, மனசில் நல்லவன்.

மார்ச் 13, வெள்ளி

அவன் எடுத்த அளவுகளைப் பார்த்ததும் தலை சுற்றியது. காலையிலேயே மாலை எண்! எனக்கு வந்த கோபத்தில்—

"என்னடா பண்ணித் தொலைச்சே?"

"ஒண்ணுமே பண்ணலையே. ஓட்டச் சொன்னே, ஓட்டினேன்."

"எடை பாத்தியா?"

"இல்ல."

"தூசிப்பை?"

"அது குப்பைதானே. அப்படியே கிடக்கு. ஏன், அதையும் நான்தான் கொட்டணுமா?"

உட்கார்ந்துவிட்டேன்.

பொடி. பொடி மணல்தான் குழாயை ஒட்டி ஓடி, சூட்டை நன்றாக வாங்கும். பகல் முழுக்க அது பறந்து பைக்குப் போகிறது, எண் இறங்குகிறது. மறுநாள் காலை ஒரு மகராசி, நானேதான், அதை அள்ளித் திரும்பக் கொட்டுகிறாள், எண் ஏறுகிறது. எடை மட்டும் கச்சிதமாக இருக்கும். எடையைப் பார்த்தேனே தவிர, பறந்தது எது என்று பார்த்தேனா? எவ்வளவு பெருமை எனக்கு! கம்பெனியின் கொதிகலனில் யார் வந்து தினமும் கொட்டப்போகிறார்கள்?

அப்படியென்றால் மாலை எண்தான் சரி. ஒட்டகத்தைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "டீ வாங்கிக் குடு" என்றான்.

மார்ச் 16, திங்கள்

தலைவரிடம் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். பிறகு, "ரிப்போர்ட்ல எதை எழுதப்போறீங்க?" என்றார்.

"சாயங்கால நம்பர், சார்."

"நிரந்தரத்தைப் பத்தி இப்ப என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

பயமாக இருக்கிறது. சரியாகத்தான் செய்தேனா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

மார்ச் 27, வெள்ளி

ரிப்போர்ட் போய்விட்டது. கம்பெனிக்காரர் போனில் கத்தினாராம்.

ஏப்ரல் 1, புதன்

வரச் சொன்னார்கள். நிரந்தரம் இல்லை, இன்னொரு ஒப்பந்தம். கம்பெனி கொதிகலன் வரைபடத்தைத் திருத்தி, குழாய் வரிசை ஒன்றைக் கூட்டியிருக்கிறதாம். முணுமுணுத்துக்கொண்டே.

காலையில் உருளையின் எடை குறைந்திருந்தது. கை தானாகத் தூசிப்பைக்குப் போனது. இழுத்துக்கொண்டேன். குறைந்த எடையையே குறித்துவிட்டு விசையைத் தட்டினேன்.